திட்டத்துக்கு முன்

குளம் சுத்தமாகக் கிடந்ததைப் பார்த்ததும் எங்கள் தொண்டு நிறுவன இயக்குநர் ஜெயச்சந்திரன் சாருக்கு முகம் செத்துவிட்டது. அதைச் சுத்தம் செய்யத்தான் நிதி கேட்டிருந்தோம். தருகிறவர்கள் மறுநாள் வருகிறார்கள்.

"யார் பாத்த வேலை இது?"

"எங்க தெருப் பொம்பளைங்க சார். எங்கம்மாவும்தான். அவங்களா எறங்கி அள்ளுனாங்க."

"திட்டத்துக்கு முன்னாடின்னு ஒரு படம் எடுக்காம எவளாவது குளத்துல கை வைப்பாளா? இப்ப எதைக் காட்டிப் பணம் வாங்குறது?"

சாயங்காலம் சார் வரவழைத்த குப்பை வண்டி குளக்கரையில் வந்து நின்றது.

"நீ உள்ளூர்ப் பொண்ணு சங்கவி. நீ கொட்டுனா ஒருத்தனும் கேக்க மாட்டான். உன் சம்பளமும் இதுலதான் வரணும்."

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கொட்டினேன். தெர்மாகோல், டயப்பர், கறிக்கடைக் கழிவு எல்லாவற்றையும் என் கையால் குளத்தில் கொட்டினேன்.

காலையில் வந்தவர்கள் காரிலிருந்து இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சாருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. கேமராவைத் தூக்கினார்கள்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மிதந்த டயப்பர் ஒன்றை எடுத்து என் காலடியில் எறிந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யம்மா, நில்லுங்க! இன்னும் படம் எடுக்கல!" என்று கத்திய சார், என் பக்கம் திரும்பி, "உங்கம்மாதானே? மேல வரச் சொல்லு" என்றார்.

அம்மா அடுத்ததற்குக் குனிந்தாள்.