பித்தளை மிதவை

மறுபடியும் ஈயம் பிய்த்துக்கொண்டது.

அவன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த மிதவையைப் பார்த்தான். பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு பித்தளைக் குடுவை. உள்ளே வெறும் காற்று.

பழைய பைக்கின் கார்புரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்க வேண்டியது. அது மிதந்தால்தான் பெட்ரோல் அளவாக வரும். அதில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்து, மிதக்க வேண்டியது மூழ்கி, பெட்ரோல் தரையெல்லாம் வழிந்துவிட்டது. அந்தக் காலத்து வண்டி. வேறு மிதவை வேண்டும் என்று எந்தக் கடையில் போய் நிற்பது?

ஓட்டையைக் கண்டுபிடித்தது என்னவோ அவன்தான். டேங்கை வடித்து, தரையைத் துடைத்து, மிதவையை வெந்நீரில் போட்டுப் போட்டு வாடைகூட இல்லாமல் ஆக்கியதும் அவன்தான். அதுவரை கெட்டிக்காரன்.

அடைக்கத்தான் வரவில்லை.

உள்ளே, மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

ராசிபுரத்துக்குப் போகிறாள், அம்மா வீட்டுக்கு. எத்தனை நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நேற்றுப் போட்ட சண்டையில் இருவருக்கும் பேச்சே தீர்ந்துபோயிருந்தது.

எல்லாம் இந்த வண்டியால் வந்த வினை. செவ்வாய்ப்பேட்டையில் அவர்களுடைய வீட்டுக்கு உருப்படியான ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே உட்கார்ந்துதான் அவள் வெள்ளிக் கொலுசுகளுக்குப் பற்றவைப்பாள். மழையில் நனைகிறதே என்று அந்த இடத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ரெண்டே நாள் என்றான். மழைக்காலமே முடியப் போகிறது. அவள் அடுப்படி பல்புக்கு அடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கிறாள்.

அவன் இன்னும் கொஞ்சம் ஈயத்தை வைத்தான். அது உப்பியது. வெடித்தது.

பையோடு வாசலுக்கு வந்தவள் நின்றாள்.

நின்றிருக்கவே வேண்டாம். ஆனால் பற்றவைத்துப் பிழைக்கிறவள். கண்ணெதிரே ஒருத்தன் ஈயத்தைச் சாந்து மாதிரி அப்பிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்குமா?

"தள்ளுங்க."

பையைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் கைவிட்டுச் சாமணத்தை எடுத்தாள். கொலுசுக் கண்ணிகளைப் பிடிக்கிற அவளுடைய இடுக்கி. கூடவே சின்ன அரம்.

அவன் அந்தப் பையை எட்டிப் பார்த்தான். நாலு நாள் இருந்துவிட்டு வருகிறவள் தொழில் சாமானைக் கட்டிக்கொண்டா போவாள்?

சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அவன் அப்பிய ஈயத்தை அரத்தால் வழித்தெடுத்தாள். கனம் கூடினால் மிதக்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு ஊசியை எடுத்தாள். மிதவையின் மறுபக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டாள்.

"அய்யய்யோ!"

"என்ன அய்யய்யோ? சூடு பட்டா உள்ள இருக்கற காத்து உப்புமில்ல? வெளிய போக வழி விடாம அடைச்சா ஈயத்தைத் தள்ளத்தான் செய்யும். கொலுசு முத்துக்கு ஓட்டை விடாமயா நாங்க பத்தவைக்கறோம்?"

அட, ஆமாம்.

பழைய ஓட்டையை அயர்ன் முனையால் ஒரு தொடு தொட்டாள். ஈயம் தண்ணீராக இளகிப் பரவி, அப்படியே அடங்கியது. மேடில்லை, புடைப்பில்லை. விரலால் தடவினாலும் தெரியாது. என்ன கை அது! கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குச் சோறு போடுகிற கை. வேலை செய்யும்போது அதை இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

இனி அவள் போட்ட ஊசித்துளை மட்டும்தான் பாக்கி. மிதவையை நன்றாக ஆறவிட்டாள். உள்ளே சூடு ஏறுவதற்குள் சட்டென்று மூட வேண்டும். தப்பினால் எல்லாம் முதலிலிருந்து.

குனிந்தாள். வண்டியின் நிழல் துளையை மறைத்தது. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணை மட்டும் சுருக்கினாள்.

அவன் எழுந்தான்.

ஸ்டாண்டைத் தட்டினான். முக்கி முனகி வண்டியை வாசற்படியில் இறக்கித் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். வெளியே மழை. அவன் துரு சுரண்டி, தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த டேங்கின் மேல் சடசடவென்று கொட்டியது. மூடுவதற்கு ஒரு சாக்குகூட அவன் தேடவில்லை.

நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது ஜன்னல் வெளிச்சம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. அவள் அதன் நடுவில் இருந்தாள். நிமிரவில்லை.

ஒரு தொடு. துளை மூடிக்கொண்டது.

அவன் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். அவள் மிதவையை உள்ளே அமுக்கிப் பிடித்தாள். ஓட்டை இருந்தால் அமுக்கிய மறுநொடியே குமிழி கிளம்பிவிடும். இருவரும் தலை முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார்கள்.

ஒரு குமிழி இல்லை.

கையை எடுத்தாள். மிதவை ஜம்மென்று மேலே வந்து நின்றது. பலே என்று சொல்ல வாயெடுத்தான்.

வாசலில் ஆட்டோ ஹாரன்.

"மரகதக்கா! ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா!"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். "ராத்திரி பூரா தண்ணியில கிடக்கட்டும். காலையில பாத்தாத்தான் தெரியும்."

அவன் மிதவையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "காலையிலதான் தெரியும்."

ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு வர மழையில் இறங்கினான்.