மூணு நாள் டிரெயினிங்

டமாரென்று சத்தம் கேட்டதுமே மாதப்பன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், தகடு வளைக்கிற இரும்பு அச்சு, அதான் டை, இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பக்கத்தில் முகமெல்லாம் வெளிறிப்போய் திம்மராயன். பாவி, ஸ்பேனரை உள்ளே மறந்துவைத்துவிட்டு பிரஸ் மெஷினை இயக்கியிருக்கிறான்!

"மாமா, என்னக் காப்பாத்து மாமா! மொதலாளி கொன்னே போட்டுருவாரு!"

திம்மராயன், மாதப்பனின் மனைவி முனிலட்சுமிக்கு ஒரே தம்பி. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அஞ்செட்டிப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனை ஓசூர் சிப்காட்டுக்குக் கூட்டிவந்து, இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே மாதப்பன்தான். சேர்த்த அன்றைக்கே முனிலட்சுமி கறாராகச் சொல்லிவிட்டாள். "எந்தம்பி மேல ஒரு அடி விழுந்துச்சு, அப்புறம் நீ இந்த வூட்டு வாசப்படி ஏறாத."

அவள் பயந்ததில் தப்பே இல்லை. முதலாளி தீர்த்தகிரியின் கையில் வாங்காத ஆள் அந்த ஷெட்டில் கிடையாது. போன மாதம் முனிசாமிக்கு முன்பல் இரண்டு போனது. மாதப்பனின் இடது காதில் ஒரு அறை விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் சரியாகக் கேட்பதே இல்லை. போன வாரம் ஜெபமணியை மெஷின் பெல்ட்டால் விளாசு விளாசென்று விளாசியதில், அவன் முதுகு இன்னும் சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. இதில் ஒரு சட்டம் வேறு. ஒருவன் அடி வாங்கும்போது மற்றவர்கள் மெஷினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்த அடி அவர்களுக்கு. இதெல்லாம் ஒரு பிழைப்பு!

எண்பத்திரண்டில் ஒற்றை மெஷினோடு கம்பெனி ஆரம்பித்த மனுஷன் தீர்த்தகிரி. இப்போது நாற்பது பேர் வேலை பார்த்தும், எதையும் தன் கையால் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. டை மாட்டுவதும் அவர்தான், டெம்போ ஓட்டுவதும் அவர்தான், அடிப்பதும் அவர்தான்.

மூன்று நாளாக அவர் ஊரில் இல்லை. ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனிக்காரர்கள், நல்ல மேனேஜர் ஆவது எப்படி என்று கற்றுக்கொள்ள அவரை பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்குத்தான் திரும்புகிறார்.

"பின்பக்கமா ஓடிப்போயிடுடா," என்று மாதப்பன் சொல்லி வாய் மூடவில்லை, கேட்டில் டெம்போ வந்து நின்றது.

தீர்த்தகிரி நேராக உள்ளே வந்தார். உடைந்த டையைப் பார்த்தார். திம்மராயனைப் பார்த்தார். ஷெட்டே விறைத்துப்போனது, மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"பேட சாமி, பேட!" பயத்தில், வேண்டாம் வேண்டாமென்று வீட்டுக் கன்னடத்திலேயே கெஞ்சியபடி, திம்மராயன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்திவிட்டான்.

மாதப்பன் குறுக்கே பாய்ந்தான். "என்னை அடிங்க மொதலாளி! எத்தன வேணா அடிங்க. இவன விட்டுடுங்க, புள்ளகுட்டிக்காரன்!"

தீர்த்தகிரியின் வலது கை மேலே எழும்பியது. மாதப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நல்ல காதும் இன்றோடு போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

கை அவன் தோளில் மெத்தென்று இறங்கியது.

"பயப்படாத மாதப்பா. நான் மாறிட்டேன். இனிமே இந்தக் கை யாரு மேலயும் படாது. எங்கம்மா மேல சத்தியம்."

மாதப்பனுக்குக் காதையே நம்ப முடியவில்லை. முனிசாமி பொக்கை வாயைப் பிளந்தபடி நின்றான். பேக்கிங்கில் இருந்த சம்பங்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கிட்டுச் செஞ்சேன் பாரு, அதான் என் வியாதியாம். அங்க புட்டுப் புட்டு வெச்சிட்டாங்க. நல்ல மேனேஜர்ன்னா ஆளுக்கொரு பொறுப்பக் குடுத்துட்டு, அவங்கள நம்பணுமாம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். "முனிசாமி, டை மாட்டுறது இனிமே நீ. ஜெபமணி, டெம்போ உன்னுது. சம்பங்கி, ஸ்டோர் சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

வாங்கிய அடியெல்லாம் மறந்து ஒவ்வொருத்தர் முகத்திலும் சிரிப்பு. திம்மராயன்கூட எழுந்து நின்று கைதட்டினான்.

"எனக்குங்க மொதலாளி?" மாதப்பன் கைகூப்பிக் கேட்டான். முனிலட்சுமியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

"உனக்குத்தான்யா பெரிய பொறுப்பு. நீ சூப்பர்வைசர்."

மாதப்பன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. தீர்த்தகிரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். உடைந்த டையைக் காட்டினார், அப்புறம் திம்மராயனைக் காட்டினார்.

"ம், ஆரம்பி மாதப்பா. அடிக்கிறது இனிமே உன் டிபார்ட்மென்ட்."