வலது ஓரக் கிண்ணம்

இடது ஓரத்தில் டீக்குச் சர்க்கரை. நடுவில் சூப்புக்கு உப்பு. வலது ஓரத்தில் பீன்ஸுக்கு உப்பு. தட்டில் வரிசையாக இருந்த மூன்று சின்னக் கிண்ணங்களையும் அவள் நான்காவது தடவையாகச் சரிபார்த்தாள். மணி பதினொன்றேகால். பன்னிரண்டரைக்கெல்லாம் மகளும் மருமகனும் விடுமுறை விருந்துக்கு வந்துவிடுவார்கள்.

கோழியை மகளே செய்து எடுத்து வருகிறாள். சூப்பும் பீன்ஸும்தான் இவள் பொறுப்பு. ஒரு பிடி பீன்ஸுக்கு இந்தப் பாடா என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கோ காலையிலிருந்து ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த ஒரு காய்ச்சல், புருஷன் பெண்டாட்டி இருவரையும் பத்து நாள் படுக்கையில் தள்ளிவிட்டுப் போனது. போகும்போது அவளுடைய ருசியையும் வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூண்டு வதங்குவதும் தெரியாது, உப்பும் தெரியாது. இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, கட்டிய புருஷனிடம்கூட.

காரணம் மகள்தான். போன விடுமுறைக்கு வந்தவள், அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அடி கருகிய பாத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“இவ்ளோ கருகியிருக்கே, வாசனைகூடவா தெரியல? இன்னொரு தடவ இப்படி எதையாவது பாத்தேன், வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

சொன்னால் செய்கிற ரகம் அவள். மகள் வீட்டில் எந்தக் குறையும் இருக்காது. இவளுக்கென்று ஓர் அடுப்பு இருக்காது, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தக் கிண்ண ஏற்பாடு. காலையிலேயே அளந்து வைத்துவிடுவாள். கிண்ணம் காலியாக இருந்தால் உப்புப் போட்டாயிற்று என்று அர்த்தம். அதற்கும் மேலே ஒரு காவல் உண்டு, புருஷனின் நாக்கு. எதைச் செய்தாலும் அவரிடம் ஒரு ஸ்பூன் நீட்டுவாள். அவர் சரி என்றால்தான் அடுப்பை அணைப்பாள்.

“ஒரு டீ கிடைக்குமா?” என்று அவர் வந்து நின்றார். கையில் வழக்கம்போல் துணி. முப்பது வருடம் ஆய்வகத்தில் மேஜை துடைத்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகும் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். தட்டைத் தூக்கி, மேடையைத் துடைத்து, மறுபடி வைத்தார்.

“அதத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“தொடலம்மா, தொடச்சேன்.”

அவள் பீன்ஸை வடிகட்டினாள். ஆவி குப்பென்று மேலே வந்து மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டது. துடைக்க நேரமில்லை. கை பழகிய இடம்தானே, இடது ஓரத்துக் கிண்ணத்தை டீயில் கொட்டிக் கலக்கி நீட்டினாள். அவர் டம்ளரோடு கூடத்துக்குப் போனார்.

வாணலியில் வெண்ணெயைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பூண்டை இரண்டு நிமிடமும் வெங்காயத்தை நாலு நிமிடமும் வதக்கினாள். பீன்ஸைச் சேர்த்தாள். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வலது ஓரத்துக் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தாள். மிளகுத்தூளைத் தூவிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

அவர் காலி டம்ளரோடு வந்தார்.

“வாயத் திறங்க. உப்பு பாருங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். “கச்சிதம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“அதான் சொல்றேன்ல. உன் கைப்பக்குவம் எங்க போயிடப் போகுது?”

அப்படியும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் ஏழெட்டு நடை நடந்தாள். பன்னிரண்டு இருபதுக்கே கார் வந்து நின்றது.

மேஜையில் மகள் முதலில் கை வைத்ததே பீன்ஸில்தான். இரண்டு தடவை மென்றாள். மூன்றாவது தடவை வாய் நின்றது. பக்கத்தில் மருமகன் மரியாதையாக ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தான்.

“அம்மா, பீன்ஸ்ல சர்க்கரையா போட்ட?”

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வலது ஓரக் கிண்ணத்தைத்தானே போட்டோம்? அப்போதுதான் அந்தத் துணி ஞாபகம் வந்தது. தூக்கிய தட்டை மனுஷன் இடம் வலம் மாறத் திருப்பி வைத்திருக்கிறார். அப்படியானால் பீன்ஸுக்கு வைத்த உப்பு முழுக்க டீயில் போயிருக்கிறது.

அந்த டீயையா ஒரு சொட்டு விடாமல் குடித்தார்? இந்தப் பீன்ஸையா கச்சிதம் என்றார்? என் மனசு நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாரே, இவரிடமா இரண்டு வருடம் மறைத்தேன் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏம்ப்பா, நீங்க ருசி பாக்கலையா?” மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அவர ஒண்ணும் சொல்லாத,” என்றாள் இவள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. “எனக்குத்தான் ருசி தெரியாது. அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சு. ரெண்டு வருஷமா உங்கப்பா நாக்க நம்பித்தான் சமைக்கிறேன்.”

அவர் கையிலிருந்த ஸ்பூன் பாதியில் நின்றது. பீன்ஸைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

“நான் உன் நாக்க நம்பித்தானே சாப்பிட்டுட்டு இருக்கேன்.”