சத்தமில்லாத மெஷின்

"ஏசியை அணைங்க சார்."

இதை மட்டும் வாயிலிருந்து விட்டுவிடாதே என்று தற்காலிக ஆசிரியையான அவளுக்கு இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர், எதிரே கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த துறைத்தலைவர். இன்னொருவர் அம்மா. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று துணி தேய்த்து, இவளைக் கட்டடக்கலை படிக்க வைத்தவள். "வேலை நிரந்தரமாகிற வரைக்கும் வாயைத் தச்சுக்கோடி" என்று காலையில்கூடப் போனில் கெஞ்சினாள்.

துறைத்தலைவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ன பேச்சு இது? வெளியில பசங்க நிக்கிறாங்க. விருந்தாளிங்க வர்ற நேரம்."

"அதனாலதான் கேக்கறேன்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நடக்கும் வகுப்பு அது. பூமியைக் கெடுக்காத கட்டடம் எப்படிக் கட்டுவது என்று பாடம். இன்று கடைசி நாள். கல்லூரியின் பின்புறம் பிள்ளைகள் தாங்களே வரைந்து, மண் மிதித்து, பச்சைச் செங்கல் அறுத்துக் கட்டிய ஒற்றை அறைக்குள்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தடித்த மண்சுவர். கூரைக்கு மேல் இன்னொரு கூரை. நிழல் விழும் பக்கம் தாழ்வாகத் துளைகள், சூடு ஏறி வெளியேற உச்சியில் ஒரு திறப்பு. 'மின்சாரம் இல்லாமலே குளிரும் அறை' என்று வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது.

ஆனால் முதல் தடவை சோதித்துப் பார்த்தபோது அறை அடுப்பாகக் கொதித்தது. பிள்ளைகள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. உச்சித் திறப்பு போதவில்லை என்று அவர்களே கண்டுபிடித்து, மறுநாள் ஏறி இடித்து அகலமாக்கினார்கள். அதே சாயங்காலம், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, துறைத்தலைவர் ஆள் கூட்டிவந்து பின்சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஓர் ஏசியை ஒளித்துவைத்தார். அதன் வெளிப்பெட்டி, அறையை ஒட்டிய சாமான் கொட்டகைக்குள் போயிற்று. மறுநாள் உள்ளே வந்த பிள்ளைகள் "மிஸ், குளிருது மிஸ்!" என்று குதித்த குதியைப் பார்த்து இவளுக்கு அழுகைதான் வந்தது.

"கையை நீட்டிப் பாரும்மா. எப்படி ஜில்லுனு இருக்கு! விடிஞ்சதும் நானே வந்து போட்டுட்டேன். சத்தம் கேக்குதா? கேக்காது. தேடிப் புடிச்சு வாங்கின மெஷின். இதை அணைச்சா, இந்த மத்தியான வெயில்ல வர்றவங்களுக்கு வாசல்லயே வேர்த்து ஊத்தும். அப்புறம் அடுத்த வருஷம் வகுப்பே கிடையாது."

"பொய் சொல்லித்தான் நடத்தணும்னா, எதுக்கு சார் வகுப்பு?"

"பொய்யா? இதுக்குப் பேரு ஊக்கம். பசங்க கட்டினது தலையில விழாம நிக்குதே, அதுவே பெரிசு. குளிர வேற செய்யணுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. படிக்கும்போது கல்லூரியில் முதன்முதலாகத் தன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நின்றபோதும் ஒருத்தர் இப்படித்தான் சிரித்துக்கொண்டே கேட்டார். "யாரும்மா வரைஞ்சு குடுத்தது?" எங்க வீட்டில் எனக்குப் பென்சில் சீவித் தரக்கூட ஆள் கிடையாது என்று கத்த நினைத்துக் கத்தாமல் வந்துவிட்டாள். அன்று விழுங்கியது இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை.

"ஒரு தடவையாவது நீங்க அவங்களை நம்பியிருக்கலாம்."

"நீ நம்பினியா?"

அவள் உச்சித் திறப்பை அண்ணாந்து பார்த்தாள்.

"இல்ல சார். நானும் நம்பல." சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவர் லேசாகச் சிரித்தார். "சிடுமூஞ்சி மிஸ்னு பசங்க உனக்குச் சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க. இங்க பாரு, உன் ஆர்டர் என் மேஜை மேலதான் கிடக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னிக்கு ஒரு நாள் சிரிச்ச மூஞ்சியா நில்லு, போதும். உங்கம்மாவும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் இஸ்திரிப் பெட்டியோட மல்லுக்கட்டுவாங்க?"

அம்மாவின் வீங்கிய கணுக்கால்கள் கண்முன் வந்தன. அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

"கடைசியாக் கேக்கறேன். நீங்களா எந்திரிச்சுப் போய் அணைக்க மாட்டீங்க?"

"மாட்டேன். ஆளை விடு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "அப்ப அந்தக் கையெழுத்தைப் போட வேணாம். நான் கிளம்பறேன்."

"என்ன விளையாடறியா? நில்லு!" அவர் பதறி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "போறது போ. பசங்ககிட்ட மட்டும் எதையும் உளறி வைக்காதே. சின்னப் பசங்க, மனசு உடைஞ்சுபோயிடும்."

"காலையிலேயே சொல்லிட்டேன் சார்."

"சொல்லிட்டியா? என்ன பண்ணினாங்க?"

"அழுதாங்க. அழுதுக்கிட்டே கொட்டகைக்குள்ள போய் ஒயரைப் புடுங்கி எறிஞ்சுட்டாங்க. இவ்வளவு நேரமா நீங்க கோட்டைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தது, பசங்க கட்டின ரூம்லதான் சார்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே வெளியே நடந்தாள்.