தாயம்மா சொன்ன தீர்ப்பு

"எங்கம்மா உன் புருசன்? கையை ஓங்க மட்டும் தில்லு கீது, மூஞ்சியைக் காட்ட இல்லியா?"

கள்ளிக்குப்பத்து ஒற்றை அறை வீட்டுக்குள் நுழைந்ததுமே பொன்னியம்மா கத்தினாள். அவள் பின்னாலேயே மகளிர் சங்கத் தலைவி வேம்புலியம்மாளும் வந்தாள்.

வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்காக அம்பத்தூரில் இவர்கள் நடத்தும் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அடித்தவர் வீட்டு வாசலில் கும்பலாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். "இனிமே கை வைக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வரை ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள்.

இன்றைக்கு என்னவோ, "ரெண்டு பேர் போதும், உள்ளே உக்காந்து பேசிக்கலாம்" என்றுவிட்டாள் தலைவி. கதவையும் சாத்தினாள். பொன்னியம்மாவுக்கு ஏகக் கடுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தொண்டையைத் தீட்டிக்கொண்டு வந்தது வீணாகிவிட்டதே!

நாகவல்லி சுவரோரமாக நின்றாள். இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. போன வாரம் தலைவியிடம் தனியாக வந்து அழுதபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "இது நான் வாடகைக்குப் புடிச்ச ஊடுக்கா. இங்க அடி வாங்காம நான் இருக்கணும். நான் ஏன் ஓடணும்?"

அவளோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, இதே வீட்டில் தங்கியிருக்கும் தாயம்மா, ஸ்டவ்வைப் பம்ப் அடித்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"குந்துங்கக்கா. சூடா ஒரு டீ குடிங்க."

"டீ கெடக்குது. அவன் எப்ப வருவான்?" என்றாள் பொன்னியம்மா.

தாயம்மா நாகவல்லியைப் பார்த்தாள். நாகவல்லி தரையைப் பார்த்தாள்.

"அவன் வர்றது போறது யாருக்குக்கா தெரியும்? பேமானி! இவ கம்பெனியில யார்கிட்டனா சிரிச்சிப் பேசினாப் போதும், பத்திகினு வரும் அவனுக்கு!"

"நீ கூடவே கீறியே, தடுக்கக் கூடாதா?" என்றாள் வேம்புலியம்மாள்.

"கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுக்கா. அடிச்சிட்டு அப்பாலிக்கா உக்காந்து அழுவான், காலைப் புடிப்பான், மல்லிப்பூ வாங்கியாருவான். ரெண்டு நாள்தான். மறுபடியும் அதே கதை."

"அடேங்கப்பா, புட்டுப் புட்டு வைக்கிறியே!" பொன்னியம்மா அசந்துபோய் டீயைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

வேம்புலியம்மாள் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். "சரி தாயம்மா, எல்லாம் தெரிஞ்சவ நீ. அந்த ஆளை இன்னா பண்ணலாம்? நீ சொல்லு, நான் எழுதறேன்."

இப்படி ஒரு மரியாதையைத் தாயம்மா எதிர்பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மொதல்ல ஊட்டை உட்டுத் துரத்துங்கக்கா!"

"எத்தினி நாளிக்கு?"

"திருந்தற வரிக்கும்!"

"திருந்தினது எப்டித் தெரியும்? நம்ம சங்கத்துக்கு ஒரு டாக்டரம்மா வராங்க. கோவத்தை எப்டி அடக்கறதுன்னு பொறுமையாப் பேசுவாங்க..."

"அங்க அனுப்புங்க! ஞாயித்துக்கெழம தவறாம போய்க் குந்தணும். ஆறு மாசம்!"

"அப்பாலிக்கா?"

"அப்பவும் இவளாக் கூப்ட்டாத்தான் இந்த வாசப்படி மிதிக்கணும்!"

"ஐயோ, ஜட்ஜு தோத்தார் போ! நீ பேசாம நம்ம சங்கத்துல சேந்துடும்மா" என்று பொன்னியம்மா கைதட்டினாள். தாயம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேம்புலியம்மாள் எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். "சரியா கீதா?"

"கரெக்ட்டா கீதுக்கா. ஒரு எழுத்து மாத்தாதீங்க!"

நாகவல்லி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். இது மட்டும் நடந்துவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்குவேன் என்று இருந்தது அவளுக்கு. கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் சரிக்கா, கையெழுத்துப் போட அந்த ஆளு வரணுமே? நாம எத்தினி நேரம் குந்திகினு இருக்கறது?" என்று இழுத்தாள் பொன்னியம்மா.

வேம்புலியம்மாள் தாளையும் பேனாவையும் தாயம்மாவிடம் நீட்டினாள்.

"யாரு யாரு கூட வாழ்ந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதாம்மா, கை ஓங்கினாத்தான் வருவோம். ரெண்டு வருசமா நாகவல்லியோட குடும்பம் நடத்தறதும் நீதான், அவளை அடிக்கறதும் நீதான்... போடு கையெழுத்து!"