ஒன்பதாம் நம்பர் சிக்னல்

இந்தக் காலத்து ஆட்கள் செத்தவனைக்கூட நிம்மதியாக விடுவதில்லை என்று திட்டிக்கொண்டேதான் அற்புதராஜ் ஜாலான் புசார் ஆபீஸின் படியேறினார். ஈஸ்டருக்கு முன்பே அடக்கம் செய்த மகனைப் பற்றி, "ஜார்ஜ் இன்னும் ஓடிக்கிட்டிருக்கான் லா" என்று அங்கே சிரிக்கிறார்களாம்.

"அது அவர் எழுதின புரோகிராம், அங்கிள். அவர் பேர்லயே ஓடுது," என்றாள் மகனோடு வேலை பார்த்த பிரிஜட். "நிறுத்தச் சொல்லி சிக்னல் அனுப்பினா, கையில இருக்கிற வேலையை முடிச்சிட்டு நிக்கணும். நிக்க மாட்டேங்குது."

"என் கண்ணு முன்னாடி நிறுத்து. அவன் பேரு இதுல கிடக்கக் கூடாது."

"ஒன்பதாம் நம்பர் சிக்னல் இருக்கு. அதை எந்தப் புரோகிராமாலயும் தடுக்க முடியாது. அந்த இடத்திலேயே செத்துடும்."

"அப்ப அதையே அனுப்பு." அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

திரையில் ஜார்ஜின் பெயரும் அதன் பக்கத்திலிருந்த எண்ணும் மறைந்தன. பிரிஜட் மூச்சு விடுவதற்குள் அதே பெயர், அதே எண்ணோடு திரும்ப வந்தது. புதிதாகத் தொடங்கும் எதற்கும் அங்கே புது எண்தான் கிடைக்கும்.

அற்புதராஜ் குனிந்து, சுவரிலிருந்த கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினார். மெஷினின் விசிறி நின்றது. அதன் விளக்குகள் அணைந்தன. வயர் அவர் கையில் தொங்கியது. கறுத்துப்போன திரையில் மகன் பெயர் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பிரிஜட் அழத் தொடங்கினாள்.

"இன்னொரு வயரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? யாரை ஏமாத்துறீங்க?" என்றார் அவர். கையிலிருந்ததைத் தரையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.