கூட்டம் அதிகமுள்ள நிறுத்தம்

பஸ் வந்தேவிட்டது. முன்கண்ணாடியில் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று.

மெர்சி முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் பிடித்தாள். இன்னொரு நாள் ஷிப்டுக்குத் தாமதமானால் கேட்டிலேயே கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் போன வருஷம் நிறுத்திவிட்டார்கள். நியாயம் கேட்கப் போன பெண்களுக்கு, பஸ் ரூட் போடும் அதிகாரி துளசிராமன் பஞ்சாயத்து ஆபீஸ் டிவியில் வீடியோ காலில் தோன்றி விளக்கினார். அவருக்குச் சென்னையில், வீட்டிலிருந்தே வேலை.

செல்போன்கள் எங்கே போய்வருகின்றன என்று பார்த்துத்தான் இப்போது பஸ் விடுகிறார்களாம். இந்த ஊர்ப் பெண்களின் போன்கள் பகல் முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லையாம். ஆகவே இவர்களும் அவரைப் போலவே வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள்.

"ஆமா சார், பிரஸ் மிஷினை கேஸ் அடுப்பாண்ட வச்சிக்கினு பிரேக் பிளேட் அடிக்கிறோம்" என்றாள் மெர்சி.

துளசிராமன் அதைக் குறித்துக்கொண்டார்.

கம்பெனிக்குள் போன் கூடாது. வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். மேப்பில் அப்படி இல்லை என்றார் அவர்.

போன் போனால்தான் பஸ் வருமென்றால் போனை அனுப்பிவிட்டால் போயிற்று. யோசனை மெர்சியுடையது. அவள் புருஷன் லோகு விடிகாலையில் பால் வண்டி ஓட்டிக்கொண்டு கம்பெனி கேன்டீனுக்குத்தான் போகிறான். வண்டியில் கேன்களுக்கு நடுவே ஆள் ஏற இடமில்லை. ஒரு பை வைக்க இடமிருந்தது. பெண்களின் போன்களெல்லாம் அந்த அரிசிப் பையில் ஏறின. லோகு திரும்பி வரும்போது வீடு வீடாகக் கொடுத்துவிடுவான்.

மழை, வெயில், ஞாயிறு எதுவும் பார்க்காமல் பை வேலைக்குப் போய்வந்தது.

இதோ, பை போன வழியே பஸ்.

பால் சொசைட்டி வாசலில் நின்றது. ஒரு மாட்டுக்கொட்டாய் முன்னால் நின்றது. எருமை தலையை நீட்டிப் பார்த்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எம் புருசன் போட்ட ரூட்டுடி இது!" மெர்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

சவுக்குத் தோப்பைத் தாண்டி, மண் ரோட்டில் திரும்பி, ஓர் ஒற்றை வீட்டின் முன்னால் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். எதிரே பெயின்ட் வாசனை போகாத புது நிழற்குடை.

அங்கே சொசைட்டி இல்லை. மாடு இல்லை. ஒரு டீக்கடைகூட இல்லை.

"இன்னாண்ணா, வண்டி ரிப்பேரா?" என்றாள் பக்கத்தில் இருந்த ஜெனிபர்.

"இல்லம்மா. இங்க இருபது நிமிசம் நிக்கணும்னு ஆர்டர்" என்றார் கண்டக்டர். "இந்த ரூட்லயே ஜனங்க ரொம்ப நேரம் நிக்கிற எடம் இதானாம். டெய்லியும் நிக்கிறாங்களாம்."

அந்த வீட்டுக் கொடியில் கட்டம் போட்ட சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு மெர்சி லோகுவுக்கு எடுத்துக் கொடுத்த சட்டை.

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்றும் யாரும் சொல்லவில்லை.

டிபன் பையை ஜெனிபரின் மடியில் வைத்துவிட்டு மெர்சி இறங்கினாள்.

இருபது நிமிஷம் போதும்.